காலையில் இரண்டு ஸ்பூன்

"என் ஆம்படையாளுக்கு தினமும் எதைக் கொடுத்துண்டு இருக்கே?"

சௌம்யநாராயணன் அந்தப் பாட்டிலைக் கூடத்து மேஜையில் டக்கென்று வைத்தார். மருமகள் யமுனா அதைப் பார்த்தாள். பாட்டிலில் லேபிளைக் காணோம். யாரோ சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

மாமியார் செங்கமலம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தாள். ரத்தசோகை. பாதம் மரத்துப்போய், சுவரைப் பிடிக்காமல் அடி எடுத்து வைக்க முடியவில்லை. தாயார் சன்னிதிப் பக்கம் போயே மாசக்கணக்காகிறது. உடம்பில் பி12 வைட்டமின் அறவே இல்லை, இப்படியே விட்டால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மாத்திரை போட்டால் வாந்தி, ஊசியைக் கண்டாலே மயக்கம்.

அதனால்தான் யமுனா இந்த டானிக்கை வாங்கி வந்தாள். சத்து மருந்து என்று மட்டும் சொல்லி, காலையில் இரண்டு ஸ்பூன் கொடுத்து வந்தாள்.

"குப்பைக்கூடையில இதோட அட்டைப்பெட்டி கெடைச்சுது. லிவர் எக்ஸ்ட்ராக்ட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அவளுக்குத் தெரியக்கூடாதுன்னு லேபிளை வேற சுரண்டியிருக்கே."

சுரண்டியது யமுனா இல்லை. ஆனாலும் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கொடுத்தது நிஜம்தானே.

"ஆமாங்க மாமா, கொடுத்தேன். அத்தை எந்திரிச்சு நடக்கணும். அதுக்காக இன்னும் எது வேணாலும் கொடுப்பேன்."

அவ்வளவுதான், மனிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற வீட்டில் ஈரலா? காதல், கத்தரிக்காய் என்று மகன் முசிறிப் பெண்ணைக் கூட்டிவந்த அன்றைக்கே இந்த வீட்டுக்கு ஏழரை பிடித்துவிட்டதாம். பெங்களூரிலிருந்து அவன் வரட்டும், அன்றைக்கே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு முசிறி பஸ் ஏற வேண்டியதுதானாம். யமுனாவுக்குக் கண் கலங்கியது, ஆனால் தலை குனியவில்லை.

"போறேங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க."

இத்தனை நாள் குடித்தும் அத்தையின் முகத்தில் ரத்தம் ஏறவில்லை. சந்தேகம் வந்து, தான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வகத்தில் அந்த டானிக்கைச் சோதித்துப் பார்த்ததைச் சொன்னாள். பி12 இருந்தால் மட்டுமே வளர்கிற கிருமி ஒன்று உண்டு; அது வளர்ந்தால் சோதனைக்குழாய் கலங்கும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தும் இந்த டானிக்கை விட்ட குழாய் தெளிந்த தண்ணீராகவே இருந்தது.

"உங்க ஆசாரத்துக்கு ஒரு குறையும் வரலை. ஈரல்னா பி12 இருந்தே ஆகணும். இதுல ஈரலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெறும் சர்க்கரைப்பாகு. அந்தக் கம்பெனிக்காரனை நான் சும்மா விடப்போறதில்லை."

சௌம்யநாராயணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ராஜகோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். யமுனாவை முசிறிக்கு அனுப்புவதைக்கூட மறந்துவிட்டார்.

"கேட்டியோ செங்கமலம்? ஒரு சொட்டு லிவர்கூட உன் வயித்துல எறங்கலையாம்" என்று மனைவியிடம் குழைந்தார்.

செங்கமலம் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"உங்க கண்ணுல படப்படாதுன்னு அந்த லேபிளைச் சுரண்டினதே நான்தான்" என்றாள் கணவரிடம். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நெஜமாவே லிவர் இருக்கறதா பார்த்து வாங்கிண்டு வாடி."