தலைவர் நடந்த பாதை

ஆற்றுக்குப் போகும் பாதையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடு நெற்றியில் இடித்ததும், காட்டு ஊராட்சித் தலைவரான யானைக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஆக்கிரமிப்பு! இப்பவே பிடுங்கி எறியறேன்!”

ஊராட்சியின் சட்ட வேலைகளைப் பார்த்துவந்த உடும்பு குறுக்கே வந்து நின்றது. “தலைவரே, முதல்ல நோட்டீஸ் கொடுக்கணும். குருவியோட பதிலையும் கேட்கணும்.”

“இத்தனூண்டு குருவிக்கு நோட்டீஸா?”

உடும்பு நகரவில்லை. யானை வேண்டாவெறுப்பாக, கூட்டுக்குக் கீழே நின்று நோட்டீஸை உரக்கச் சொன்னது. குஞ்சுகள் நடுங்கின. குருவி எட்டிப் பார்த்தது.

“ஐயா, நான் கூடு கட்டினப்போ இங்க பாதையே இல்லை. பலாப்பழ வாசனை பிடிச்சு நீங்க நடந்து நடந்துதான் பாதையாச்சு. பழைய பாதை அந்தப் பக்கம் சும்மா கிடக்கு.”

யானை உடும்பைத் தனியே அழைத்தது. “அப்போ ஆக்கிரமிப்பு பண்ணினது யாரு?”

“நீங்கதான், தலைவரே.”

“அடப்பாவி, நீ யார் பக்கம்?”

“உங்க பக்கம்தான். அதனாலதான் காதோட சொல்றேன். கூட்டைப் பிடுங்கியிருந்தா, சிங்கத்தோட கோர்ட்டுல இதையே காட்டைக் கூட்டிச் சொல்லியிருப்பாங்க.”

மறுநாள் யானை பழைய பாதையில் நடந்தது. எதிரே வந்தவர்களிடமெல்லாம், “குஞ்சுகளைப் பார்த்தேன், மனசு கேக்கலை. நானேதான் விட்டுக்கொடுத்தேன்,” என்றது.

பின்னால் வந்த உடும்பு அதற்கு மட்டும் ஆட்சேபம் சொல்லவில்லை.