சட்டையில் கொட்டிய காப்பி

ரகசியமாகக் கேமரா வைத்து ஆட்களை ஏமாற்றும் அந்த டிவி நிகழ்ச்சியின் வீடியோ டேப்பை, உமையாளின் அம்மா நாச்சாள் மூன்றாவது தடவையாகப் போட்டாள். பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில், ஒருவரின் வெள்ளைச் சட்டையில் சர்வர் வேண்டுமென்றே காப்பியைக் கொட்டுகிறார். அவரோ, "பரவால்ல அண்ணே" என்று சிரிக்கிறார்.

"என்ன பொறுமை பாத்தியா!"

"டிவில காட்டுறதெல்லாம் நிஜமாம்மா?"

"நடிக்கிறவங்க மொகம் இப்படியா இருக்கும்? சும்மா இரு லா."

உமையாளுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரே கிள்ளானில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தார், பெண் பார்க்க. பெயர் முத்துக்கருப்பன். இருவரையும் தனியாகப் பேச விட்டதும் அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

"காப்பி கொட்டினப்போ உங்களுக்குக் கோவமே வரலையா?"

அவர் தயங்கினார். "வந்துச்சு. நல்லா கத்திட்டேன். அப்புறம்தான் கேமரா இருக்குன்னாங்க. வேற சட்டை குடுத்து, 'திரும்ப எடுக்கலாம், சிரிங்க'ன்னு சொன்னாங்க. நீங்க பாத்தது ரெண்டாவது காப்பி."

உமையாள் வெளியே வந்தாள்.

"டிவில பாத்த மாதிரியே இருக்காரா?" அம்மா கிசுகிசுத்தாள்.

"இல்லம்மா. அதனாலதான் எனக்குப் பிடிச்சிருக்கு."