ராசிக்கை

யார் முதல் போணி செய்தால் அன்றைக்கு லாபமோ, அவரை ராசிக்கை என்போம். ஸ்ரீரங்கம் கோபுர வாசலில் என் தேங்காய்க் கடைக்கு ஆட்டோக்காரன் தங்கையன்தான் ராசிக்கை.

போன வாரம், தெருக் கூட்டும் பாப்பாயி வழக்கம்போல் காலையிலேயே கடையோரம் நின்றாள்.

“இன்னும் போணியாகல. கடைப் பக்கம் நிக்காத, தெருக்கோடிக்குப் போ.”

“சரிங்கய்யா.”

அன்றிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது.

“உன் ராசி தீந்துபோச்சாடா?” என்று தங்கையனைத்தான் ஏசினேன்.

இன்று வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது.

“யாரு சொல்லி வந்தீங்க?”

“தெருக் கூட்டுற அம்மாதாங்க. போன வருஷம் உங்க கடையோரம் நின்னு, ‘இங்க அழுகல் இருக்காது’ன்னு வர்றவங்க எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. இன்னிக்கு ஆளில்லாத கோடியில நிக்கிறாங்க. கேட்டதும் உங்க கடையத்தான் காட்டுனாங்க.”

தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.