பெரணிக்கு வச்ச ஒப்பாரி

சோலைக்காட்டுப் பாறையிடுக்குல ஒரு பெரணிச் செடி இருந்துச்சு. இலையெல்லாம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. மழை நின்னா கருகுன மாதிரி சுருண்டு கிடக்கும், ஈரம் பட்டா விரிஞ்சுக்கும். புதுசா குடிவந்த தவளைக்கு இது தெரியாது. ஒருநாள் சுருண்டு கிடந்த பெரணியைப் பாத்துச்சு.

"போயிட்டியே பெரணியக்கா! வந்தவங்களுக்கெல்லாம் நிழல் குடுத்தியே!"ன்னு மாரடிச்சு அழுதுச்சு.

பச்சையா இருந்தப்ப ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லையேன்னு பெரணி நினைச்சுக்கிச்சு.

துக்கம் கேக்க நத்தையும் வந்துச்சு. "தங்கமான குணம்"னுச்சு.

அப்ப சாரல் விழுந்துச்சு. பெரணி விரிஞ்சிருக்கலாம். இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டுக்குவோமேன்னு அசையாம கிடந்துச்சு.

நத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சரி தவளத்தம்பி, ஆக வேண்டியதைப் பாப்போம். இந்த வேரைப் புடுங்கிப் போட்டின்னா நான் இடுக்குல குடியேறிக்குவேன்"னுச்சு. தவளையும் வேர்ல கைய வச்சுது.

பெரணி படக்குன்னு அத்தனை இலையையும் விரிச்சுது. தவளை மல்லாக்க விழுந்துச்சு.

"ஏன்க்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ அழுத அழகு அப்படிடா தம்பி. நிறுத்த மனசு வரல."

நத்தை வேகவேகமா கிளம்புச்சு. பெரணி சாரல்ல சுகமா நனைஞ்சுக்கிட்டே வழியனுப்பி வச்சுது. நத்தை அந்தப் பாறையைத் தாண்டுறதுக்குள்ள சாயங்காலம் ஆயிருச்சு.