இடது பக்கப் படகு

"வாயைத் திறங்க அண்ணே. இன்னும் நாலே கரண்டிதான்" என்றாள் ஒரியே.

முனகாதா வாயைத் திறந்தான். ஜப்பான் கடற்படை மருத்துவமனையின் கடைசி வார்டுக்கு வந்து பத்து நாளாகிறது. உடம்பில் வேறெங்கும் ஒரு கொப்புளம் இல்லை. உள்ளங்கைகள் இரண்டும் மட்டும் வெந்துபோயிருந்தன. எப்படி என்று டாக்டர் கேட்டபோது, "எங்கேயோ பட்டுடுச்சு" என்றான். அன்றிலிருந்து அவனுக்குக் கஞ்சி ஊட்டுவது இந்த நர்ஸ்தான். உப்பில் ஊறிய பிளம் பழத்தைக் கொட்டை நீக்கி, பிய்த்துக் கலந்து, ஊதி ஊதிக் கொடுப்பாள். கட்டிய பெண்டாட்டிகூட இவ்வளவு பொறுமையாக ஊட்டமாட்டாள்.

தாழ்வார ரேடியோ மறுபடி ஆரம்பித்தது. மிட்வே கடலில் மாபெரும் வெற்றியாம். பின்னாலேயே பேண்டு வாத்தியம்.

"ஜெயிச்சவனுங்களை எதுக்குய்யா ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டிப் பூட்டி வெச்சிருக்கானுங்க?" என்றான் பக்கத்துக் கட்டில் ஒகாபே. அவனுக்கு ஒரு கால் இல்லை. "ஊர்க் கண்ணு பட்டுடும்னா?"

போன நாலு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. அது ஊருக்குத் தெரியக் கூடாதென்று பிழைத்து வந்தவர்களையே அடைத்து வைத்திருந்தார்கள். பார்க்க யாரும் வரக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது. தேறியவனை வீட்டு வாசலைக்கூட மிதிக்கவிடாமல் நேரே தெற்குத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே போனவன் திரும்புவான் என்று எந்த மடையனும் நம்பவில்லை.

முனகாதாவின் முறை நாளைக் காலை. கை ஆறாவிட்டால் என்ன, கப்பலில் ஆறிக்கொள்ளும் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"நர்ஸம்மா" என்றான் தணிந்த குரலில். "ஒரே ஒரு கடுதாசி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

ஒரியே வாசலைப் பார்த்தாள். காவலாளி அந்தப் பக்கம் திரும்பி நின்றான். கரண்டியை வைத்துவிட்டு மடியிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்தாள்.

"சொல்லுங்க. சுருக்கமா."

"நுயின்னு எழுதுங்க. என் பெண்டாட்டி. மாசமா இருக்கேன்னு அவ எழுதினது நடுக்கடல்ல கிடைச்சுது. ரெண்டு நாள் பைத்தியக்காரன் மாதிரி சிரிச்சுக்கிட்டே திரிஞ்சேன். பதில் போடறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும்னே அவளுக்குத் தெரியாது நர்ஸம்மா. தெரியாமலே நான் செத்துப் போயிடுவேன். அதை நெனைச்சா நெஞ்சு வெடிக்குது. படிச்சேன், சந்தோஷப்பட்டேன்னு மட்டும் எழுதுங்க. போதும்."

அவள் எழுதினாள். நாலாய் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழுக்குக் கட்டுத்துணி மூட்டை சாயங்காலம் சலவைக்குப் போகுது. அதுக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போய் நானே தபால்ல சேர்த்துடறேன்."

முனகாதா கண்ணை மூடிக்கொண்டு அழுதான். கையில் கட்டு. துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. அவள்தான் துடைத்துவிட்டாள்.

"எனக்கும் ஒண்ணு தெரியணும் அண்ணே" என்றாள். "என் தம்பி ரிஹெய். தபுச்சி ரிஹெய். பத்தொன்பது வயசு. உங்க கப்பல்தான், என்ஜின் அறையில."

முனகாதா கண்ணைத் திறக்கவில்லை.

"அம்மா தினமும் அவன் பேருக்கு ஒரு தட்டு சோறு வெக்கிறா. உயிரோட இருக்கிறவனுக்குன்னா அவன் உக்கார்ற பாய்ல வெக்கணும். செத்தவனுக்குன்னா புத்தர் மாடத்துக்கு முன்னாடி வெக்கணும். எங்கே வெக்கிறதுன்னு தெரியாம கையில தட்டோட நிக்கிறா."

ஒகாபே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"உண்மையைச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நான் அழமாட்டேன், கத்தமாட்டேன். உண்மையைச் சொன்னீங்கன்னா உங்க கடுதாசி கண்டிப்பா போய்ச் சேரும்."

முனகாதா உதட்டை நனைத்துக்கொண்டான்.

"ரிஹெய்தானே? ஒல்லியா, காது பெரிசா?"

"ஆமா."

"பார்த்தேனே!" என்றான். "தண்ணி உள்ளே வர்றதுக்கு முன்னாடியே மேலே ஓடி வந்துட்டான், கெட்டிக்காரப் பய. படகுல ஏறினான். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான்."

"எந்தப் படகு?"

"இடது... இடது பக்கப் படகு."

"நல்லாத் தெரியுமா?"

"என் கண்ணால பார்த்தேன். வேற எந்த ஆஸ்பத்திரியிலயோ இருப்பான். இல்ல, வேற கப்பலுக்கு மாத்தியிருப்பாங்க. பாய்லயே வெக்கச் சொல்லுங்க அம்மாவை."

ஒரியே தலையை ஆட்டினாள். கிண்ணத்தில் மிச்சமிருந்த கஞ்சியை வழித்து ஊட்டி முடித்தாள். அவன் வாயைத் துடைத்தாள். பிறகு மடியிலிருந்த கடிதத்தை எடுத்து அவன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நர்ஸம்மா... கடுதாசி?"

"உங்களுக்கு முன்னாடி ஆறு பேரைக் கேட்டுட்டேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "உள்ளேயிருந்து அவன் எவ்வளவு நேரம் தட்டினான்னு சொன்னாங்க. தீயில பழுக்கக் காய்ஞ்ச என்ஜின் அறை இரும்புக் கதவை வெளியே நின்னு வெறுங்கையால இழுத்துப் பூட்டினது யாருன்னும் சொன்னாங்க. அதை உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னுதான் பத்து நாளா உங்களுக்குக் கஞ்சி ஊட்டினேன்."