முடிவைச் சொல்லக் கூடாது

"கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிருங்க தம்பி."

போனில் முத்துப்பாண்டி ஒரு படத்தின் பேரைச் சொல்லி இப்படிக் கேட்டதும் காளிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டும் துரோகமுமாக ஓடும் நுவார் படங்களுக்கென்றே ராஜபாளையத்திலிருந்து ஒரு வாட்ஸப் குரூப் நடத்துபவன் அவன். முடிவைச் சொல்லக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம்.

"பென்டிரைவ் நெறைய படம் குடுத்துவிட்டேனே அண்ணாச்சி, ஒண்ணையாவது முழுசாப் பாத்தீங்களா?"

"பாதிக்கு மேல ஏலல தம்பி."

"பொறுமை இல்லேன்னா சீரியல் பாருங்க!"

அன்றே அவரைக் குரூப்பிலிருந்து தூக்கினான். 'அவசரக்குடுக்கை அவுட்' என்று வேறு போட்டான். ஆளாளுக்குச் சிரித்து வைத்தார்கள்.

மாதம் ஒன்றாகியும் பென்டிரைவ் திரும்பி வரவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று அவர் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான்.

கதவைத் திறந்த முத்துப்பாண்டியின் மனைவி, பேர் கேட்டதும் பென்டிரைவை எடுத்து வந்து நீட்டினாள்.

"நீங்கதானா தம்பி? அவியளுக்கு எப்பவும் உங்க பேச்சுதான். வயித்துல புத்துநோய். மருந்து மயக்கத்துல பாதிப் படத்துலயே கண்ணு சொருகிரும். முடிவு தெரியாமப் போயிருவேனோன்னு பொலம்புவாவ."

காளிராஜ் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான்.

"அண்ணாச்சியப் பாக்கலாமா?"

அவள் விலகி நின்றாள். சுவரில், மாலை போட்ட படத்துக்குள் முத்துப்பாண்டி சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவிய கேட்ட அந்தக் கொலைகாரன் யாரு தம்பி?" என்றாள்.

தலை நிமிராமலே காளிராஜ் முடிவைச் சொன்னான், சுவர் வரைக்கும் கேட்கும்படி.