பீலிக்கரைச் சாட்சி

மீனம்மாவைக் காட்டிக் கொடுக்கத்தான் நாகலெட்சுமி அட்டன் பஸ்ஸில் ஏறினாள் என்பதில் தேயிலைத் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகமில்லை.

இரண்டு பேரும் ஒரே லயத்து வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒற்றைச் சுவர். அதற்குக் காது இருந்திருந்தால் என்றைக்கோ செவிடாகியிருக்கும். கோழி மேய்ந்தது, விறகு குறைந்தது, தண்ணீர் பிடிக்கிற பீலியில் யார் குடம் முதலில் என்று தினமும் சண்டைக்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

"ஏங்க, அவ எதுக்கு வர்றா?" முன் சீட்டில் இருந்த மீனம்மா புருசன் பொன்னையாவின் காதைக் கடித்தாள்.

"சாட்சி சொல்லவாம். கங்காணிகிட்ட சொல்லிட்டுத்தான் வந்திருக்கா."

"போச்சு! அவ வாயத் தொறந்தா நாம மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

பொன்னையா சட்டையில் குத்தியிருந்த பட்டாளத்துப் பதக்கத்தைத் தடவிக்கொண்டார். யுத்த காலத்தில் எகிப்து வரை போய்ப் பதுங்குகுழி வெட்டியவர். கடிதம், பதக்கம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அன்றைக்கு அட்டனில் அவர்களுடைய பிரஜாவுரிமை விசாரணை. சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்து ஜனங்களை யார் நீங்கள் என்று கேட்டுவிட்டார்கள். இடைவிடாமல் இலங்கையில் இருந்ததாக நிரூபிக்க வேண்டும். நடுவில் ஒரு வருசத்துக்கு மேல் இந்தியாவில் போய் இருந்திருந்தால் அதோடு சரி.

விசாரணை அதிகாரி அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். பொன்னையா அடித்த சல்யூட்டில் மேசையில் இருந்த தேநீர்க் கோப்பையே ஆடியது.

"இரும், இரும். நீர் வெளியில இருந்தது யுத்த சேவை. அதை நான் குறையா எழுத மாட்டன். ஆனா மனிசி? நீர் பட்டாளத்தில இருந்த காலம் முழுக்க அவ எங்க இருந்தவ?"

"தோட்டத்துலதாங்கய்யா."

"நீர்தான் எகிப்தில இருந்தனீரே! உமக்கு எப்பிடித் தெரியும்?"

குண்டு விழுந்தபோதுகூட அசையாத பொன்னையா திருதிருவென்று விழித்தார்.

யுத்தத்துக்குப் போனவருக்கு அந்த மேசையில் ஒரு மரியாதை இருந்தது. அவரை அனுப்பிவிட்டு வயிற்றுப் பிள்ளையோடு நின்றவளுக்கு ஒன்றும் இல்லை. தோட்டத்துப் பழைய செக்ரோல் பேர்ப்பதிவைப் பார்க்கலாம் என்றால், அதைச் செல் அரித்துவிட்டதாகப் பெரிய கிளாக்கர் எப்போதோ கையை விரித்துவிட்டார்.

"நீங்கள் கொண்டு வந்த ரெண்டு சாட்சியும் உங்கட சொந்தக்காரர். சொந்தக்காரர் ஓமெண்டுதான் சொல்லுவினம். வேற ஆரும் இருக்கினமோ?"

மீனம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் இருக்கேங்க சாமி!" வாசலில் நின்ற நாகலெட்சுமி யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிட்டாள்.

"நீர் ஆர்? இவைக்குச் சொந்தமோ?"

"சொந்தமா? இவளா? பக்கத்துக் காம்பராங்க. இவளோட ஒரு வாய் தண்ணி பொழங்க மாட்டேன்!"

அம்பலவாணர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "சரி. இவற்ற மனிசியைப் பற்றி என்ன தெரியும்?"

"என்ன தெரியுமா? இந்த மனுசன் பட்டாளத்துக்குப் போன நாள்லேருந்து என்னைய ஒரு நாள் நிம்மதியா இருக்க விட்டாளான்னு கேளுங்க! விடிஞ்சா பீலியில எனக்கு முந்தி கொடத்த வச்சிருவா. சாயந்தரம் மலையில கொழுந்து பறிச்சிட்டு வந்தா என் வாசல்ல கழனித் தண்ணிய ஊத்துவா. பச்சப் புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டே சண்டைக்கு வருவாங்க! மாரியம்மன் திருவிழாவுக்குக்கூட எனக்கு லீவு குடுக்கல!"

"பொய்! நான் எப்படி ஒன் வாசல்ல..." என்று எழுந்த மீனம்மாவைப் பொன்னையா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"பாத்தீங்களா சாமி? ஒங்க முன்னாடியே பாயிறா!"

அம்பலவாணர் உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கினார். "பிள்ளைப்பேறுக்கெண்டு இந்தியாவுக்குப் போகேல்லையோ? ஒரு வருசம், ஒண்டரை வருசம்?"

மீனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நாகலெட்சுமி தன் பருத்த உடம்பை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். "போயித் தொலஞ்சிருந்தா நான் ஏங்க சாமி இப்படி எளச்சுப் போயிருக்கேன்? ஒரு வாரம் போயிருந்தாகூடக் கோயில்ல பொங்க வச்சிருப்பேனே!"

அறையே சிரித்துவிட்டது. அம்பலவாணரும் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

"வேண்டிய ஆக்கள் பொய் சொல்லுவினம். இவ்வளவு கோபம் உள்ளவ இவைக்காக ஏன் பொய் சொல்லப் போறா? மனிசி தொடர்ந்து தோட்டத்திலதான் இருந்திருக்கிறா. நான் சிபாரிசு செய்யிறன். போயிற்று வாங்கோ."

பொன்னையா மறுபடியும் ஒரு சல்யூட் அடித்தார். இந்த முறை கோப்பை தப்பவில்லை.

வெளியே பஸ் ஸ்டாண்டில் மழை தூறியது. நாகலெட்சுமி கொங்காணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக நின்றாள். மீனம்மா மெல்லப் பக்கத்தில் போனாள். இத்தனை வருசத்தில் சண்டைக்கு அல்லாமல் அவள் பக்கத்தில் போவது அதுதான் முதல் தடவை.

"அக்கா..."

"என்னாடி?"

"நான்தான் அப்ப புள்ள பெக்க ஆத்தா வீட்டுக்குப் போயி, திரும்பி வர வழியில்லாம ஒன்றர வருசம் இந்தியாவுலேயே கெடந்தேனே. ஒனக்குத் தெரியாதாக்கா?"

நாகலெட்சுமி அவளை முறைத்தாள்.

"தெரியாம என்ன? சண்டை போட ஆளில்லாம அந்த ஒன்றர வருசம் நான் பட்ட பாடு எனக்குல்ல தெரியும். திரும்ப ஒன்னைய அனுப்பிட்டு நான் யாருகூடடி இருப்பேன்?"